நான் கேட்காத ஏரி

"இந்த ஹாலை எங்களுக்குக் கொடுத்திருக்காங்க சார்."

"எங்களுக்கும் இதைத்தானே கொடுத்தாங்க..."

சமுதாயக் கூடத்தின் வாசலில், கொட்டுகிற மழையில், அவள் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்து நின்றாள். எதிரே நின்றவன் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். மூக்குக்கண்ணாடியிலிருந்து நீர் சொட்டியது. கண்ணாடியின் ஒரு பக்கக் கால் உடைந்து நூலால் கட்டப்பட்டிருந்தது. அவனுக்குப் பின்னால் குடையும் நனைந்த செருப்புமாக ஒரு கூட்டம். அவளுக்குப் பின்னால், கூடத்துக்குள், இன்னொரு கூட்டம். காவலாளி இரண்டு பேருக்கும் ஒரே மாலை நேரத்தைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர், போனவர்தான்.

"நாங்க முதல்ல வந்துட்டோம்," என்றாள்.

"வந்தீங்க, சரி. ஆனா நாங்கதானே நனைஞ்சிருக்கோம்."

வந்த சிரிப்பை அவள் உதட்டுக்குள் மடக்கினாள். கண்ணாடி அத்தனை மங்கியிருந்தும் அது அவன் கண்ணில் பட்டுவிட்டது...

ஆளுக்குப் பாதி நேரம் என்று பேசி முடித்தார்கள். மழை விடாததால் ஒருவரும் கிளம்ப முடியவில்லை. பேருந்துக்காகக் கூடியவர்கள் ஏரியின் கதையைக் கேட்டார்கள். ஏரிக்காகக் கூடியவர்கள் பேருந்தின் கதையைக் கேட்டார்கள்.

அவளுடையது ஊருக்கு வெளியே முளைத்த புதுக் குடியிருப்பு. வீடுகள் வந்தன, விளக்கு வந்தது, பேருந்து மட்டும் வரவில்லை. ஷேர் வேனில் நெருக்கியடித்துக்கொண்டு போன அவள் தங்கை, வேன்காரனின் கைச் சேட்டையைப் பொறுக்கமாட்டாமல் கல்லூரியையே விட்டுவிட்டாள். அன்றிலிருந்து இவள் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். கேட்பதுதான் கேட்கிறோம், புகை கக்காத மின்சாரப் பேருந்தாகவே கேட்போம் என்றாள். எல்லோரும் அவளை 'பஸ்ஸக்கா' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவன் மாட்டு டாக்டர். குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் ஏரிக்கரையில் விடிந்ததும் விடியாததுமாக ஆடாமல் அசையாமல் நின்று பறவை பார்ப்பான். அதனால் அவன் பெயர் 'கொக்கு'. குப்பை லாரிகளிடமிருந்து ஏரியைக் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்திருந்தான்.

"கொக்கு டாக்டரே, முதல்ல அந்தக் கண்ணாடியை மாத்துங்க. பிளாஸ்டிக் பையையெல்லாம் பறவைன்னு எண்ணிட்டிருக்கப் போறீங்க."

"கண்ணாடி சரியில்லன்னு எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"கண்ணாடிக் கடையிலதான் வேலை. கண் பாக்கறதுதான் என் பொழப்பு."

"அப்போ என் கண்ணையும் பாருங்களேன்..."

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அவனுக்கு உறைத்தது. காது மடல்கள் சிவந்துவிட்டன.

அடுத்த வாரமே கடைக்கு வந்தான். இருட்டறையில் எழுத்துப் பலகைக்கு எதிரே அவனை உட்காரவைத்து, முதல் இரண்டு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாள்.

"இது தெளிவா இருக்கா... இல்ல இதுவா?"

"இதுக்கு முன்னாடி இருந்தது."

"முன்னாடி ஒண்ணுமே போடலையே டாக்டர்."

"நான் எழுத்தைச் சொல்லலங்க..."

நல்லவேளை, அறை இருட்டாக இருந்தது. பரிசோதனை விளக்கில் அவனுடைய பெரிய, பழுப்பு நிறக் கண்கள். மழைக்கு ஒதுங்கிய மாட்டின் கண்கள் போல அத்தனை சாது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கண்களை அவள் பார்த்திருக்கிறாள்... ஒன்றுகூட அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகு ஏரிக்கரை. முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு நீந்தும் முக்குளிப்பானை அவன் காட்டினான். அவள் பார்த்தாள். பறவையைக் கொஞ்சம், அவனை நிறைய. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்று இருந்தார்கள்.

நாள் இருக்கவில்லை. நகராட்சி அறிவித்துவிட்டது. மின்சாரப் பேருந்துகள் வருகின்றன. அவற்றை நிறுத்தவும் மின்னேற்றவும் பணிமனை வேண்டும். ஏரியில் பாதியை மூடினால் இடம் தயார். ஆட்சேபம் இருந்தால் வண்டிகள் வேறு ஊருக்குப் போய்விடும்.

வீட்டில் தங்கை பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்தாள். அப்பா இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அந்த டாக்டரோட இனிமே பேச்சு வேணாம்மா. சனங்க உன்னை நம்பி வந்திருக்காங்க. நீ எந்தப் பக்கம்னு ஒருத்தன் கேட்டா என்ன சொல்லுவ?"

பொதுக்கூட்டத்தில் இருவரும் மேடையேறினார்கள், எதிரெதிராக. அவள் தங்கையைப் பற்றிப் பேசினாள். அவன் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளத் தெருவைப் பற்றிப் பேசினான். தெருவின் தண்ணீரெல்லாம் வடிவது ஏரிக்குத்தான். அவன் வீடும் அங்கேதான். அவளைக் குறை சொல்லி ஒரு சொல் இல்லை. குரல் உயரவில்லை. ஆனால் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒருத்தன் எதிர்க்க முடியுமா...

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவன் பக்கத்தில் வந்தான். அவளுடைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வீம்பு வந்துவிட்டது.

"உங்க பறவைக்கு றெக்கை இருக்கு டாக்டர். வேற எடம் தேடிப் போயிடும். என் தங்கச்சி எங்க போவா?"

"தண்ணிக்குப் போக வேற எடம் இல்லைங்க..."

"அப்போ நாங்க வீட்டுக்குள்ளயே கெடக்கணும். அதானே?"

கண்ணில் நீர் திரண்டுவிட்டது. துடைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று துடைக்காமலே நடந்தாள்.

அவள் மனதில் ஒரு கணக்கு இருந்தது. அவன் கோர்ட்டுக்குப் போவான். தடை வாங்குவான். நகராட்சி வேறு வழியில்லாமல் மூடிக்கிடக்கும் பழைய ஆலை மைதானத்துக்குப் போகும். ஏரியும் இருக்கும், பேருந்தும் வரும். ஆலை மைதானத்தை அவளே வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், வருகிற பேருந்தைக் கெடுத்தாள் என்று அவளுடைய ஆட்களே மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். துணிச்சல் வரவில்லை. அவன் செய்வான் என்று காத்திருந்தாள்... அவன் ஜெயிக்கட்டும் என்று, யாருக்கும் தெரியாமல்.

தடை வரவில்லை. மண் லாரிகள்தான் வந்தன.

பேருந்து ஓடத் தொடங்கிய முதல் நாள், அவளுக்கு மாலை போட்டு முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். தங்கை ஜன்னலோரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. அதற்காகத்தான் இத்தனையும். இவள் மட்டும் புதுப் பணிமனையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

மழைக்காலம் பிறந்து, இரண்டாவது பெருமழைக்குப் பள்ளத் தெருவில் வெள்ளம் புகுந்தது. காலையில் செய்தி கேட்டதும் அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா தடுத்தார், நிற்கவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். பெண்கள் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் வீட்டுக்குள் நனைந்த மெத்தையை உருட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவள் எதுவும் பேசாமல் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டாள், அவளை அல்ல, அவனை.

"கையெழுத்துப் போடாம ஊரை முழுகடிச்சியே தம்பி. அதுக்குக் கூலியா இவங்க வந்து தண்ணி எறைக்கிறாங்களாக்கும்?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி போகும்வரை பொறுத்திருந்தாள்.

"என்ன கையெழுத்து?"

அவன் மெத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கோர்ட்டுல போட மனு தயாரா இருந்துச்சு. சங்கத்துச் செயலாளர் நான். நான் போட்டாத்தான் செல்லும். கடைசி நாள் வரைக்கும் போடல. தேதி முடிஞ்சிருச்சு."

"ஏன்?"

"அன்னைக்கு அழுதுக்கிட்டே போனீங்க..."

அவன் மெத்தையை இன்னொரு சுற்று உருட்டினான்.

"போட்டிருந்தா உங்க தங்கச்சிக்கு பஸ் வராது. நீங்க என் முகத்துலயே முழிக்க மாட்டீங்க. உங்களை அவ்வளவு... பிடிச்சிருந்துச்சுங்க எனக்கு. அப்புறம் லாரி வந்து மண்ணைக் கொட்டுச்சு. அதைப் பாத்துட்டு உங்ககிட்ட வந்து எந்த மூஞ்சியோட சொல்றது?"

இதே வார்த்தையைக் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். கேட்டுவிட்டாள். வாயெல்லாம் கசந்தது.

"நான் கேட்டேனா?" என்றாள் மெதுவாக. "பஸ் கேட்டேன், நகராட்சிகிட்ட. உங்ககிட்ட ஏரியை நான் கேட்டேனா? எனக்குத் தெரியாமயே அதைத் தூக்கி என் தலையில வெச்சிட்டீங்களே... இதை எறக்கி வைக்க எடம் எங்க இருக்கு?"

அவன் மெத்தையைக் கீழே விட்டான்.

"நீங்க கோர்ட்டுக்குப் போவீங்கன்னு காத்திருந்தேன். ஜெயிப்பீங்கன்னு காத்திருந்தேன். எங்காளுங்க உங்களைத் திட்டறப்பல்லாம், திட்டட்டும், அந்த மனுசன் அசைய மாட்டாருன்னு மனசுக்குள்ள பெருமைப்பட்டேன்." குரல் உடைந்தது. "மேடையில நின்னு என்னை எதிர்த்துப் பேசினீங்களே... அந்த ஆளைத்தான் நான் காதலிச்சேன். ஆலை மைதானத்தை நானே கேட்டிருக்கணும். பயந்துட்டேன். நீங்களும் பயந்துட்டீங்க."

"இப்போ?" என்றான். கண்ணாடியைக் கழற்றியிருந்தான். அந்தப் பழுப்புக் கண்களில் இன்னும் கொஞ்சம் ஆசை இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"மனசு இப்பவும் அப்படியேதான் இருக்கு. ஆனா உங்களோட ஒரு வீட்டுல இருந்துக்கிட்டு, ஒவ்வொரு மழைக்கும் இந்தத் தெருவை நெனைக்க என்னால முடியாது. உங்களாலயும் முடியாது."

மாடியிலிருந்து அவன் அம்மாவின் குரல் கேட்டது. "கீழ யாருப்பா அது? யாரோட பேசிட்டிருக்க?"

அவன் மாடிப்படிப் பக்கம் திரும்பினான்.

"யாருமில்லம்மா... தண்ணி எறைக்க வந்தவங்க," என்று அவளே பதில் சொல்லிவிட்டு, குனிந்து வாளியை எடுத்தாள்.