தொள்ளாயிரத்தில் நின்ற முள்

"இந்த மேகத்துல பறக்கிறவன் பைத்தியக்காரன்" என்றார் விமானப் பயிற்சிக் கழக மேலாளர்.

"பைத்தியக்காரி சார்" என்று திருத்திவிட்டு முனீஸ்வரி விமானத்தில் ஏறினாள்.

பக்கத்து இருக்கையில் மீனவர் இன்னாசி. அவர் மகன் சூசை கடலுக்குப் போய் மூன்று நாள் ஆகிறது, திரும்பவில்லை. தேடப் போகவேண்டிய பெரிய விமானங்கள் வானம் தெளியட்டும் என்று காத்திருந்தன. இன்னாசி கையில் ஒரு ஈயக்குண்டு. மகன் வலையில் கட்ட வாங்கியது.

முந்தின நாள்தான் ஆயுத பூசை. விமானத்துக்கு மூக்கிலிருந்து வால்வரை சந்தனப் பொட்டு வைத்தது முனீஸ்வரிதான்.

கரையை அடுத்த தீவைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. மேகத்துக்குக் கீழே போனால்தான் கடல் தெரியும். மூக்கைத் தாழ்த்தினாள். உயரமானி தொள்ளாயிரம் அடி காட்டியது. இருபதுவரை எண்ணினாள். இன்னமும் தொள்ளாயிரம். வேகமானி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பயம் வரவேண்டிய இடம். வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

"தங்கச்சி, தண்ணி கிட்ட வந்துருச்சு."

"தொள்ளாயிரம் அடி காட்டுதுண்ணே."

"அது என்னமும் காட்டட்டும். நுரை தனித்தனியாத் தெரியுது. ரெண்டு பனை உயரந்தான் இருக்கு."

மூக்கைத் தூக்கினாள். விமானம் முனகிக்கொண்டு ஏறியது. முள் ஏறும்போதும் அசையவில்லை.

அப்போதுதான் உறைத்தது. விமானத்தின் விலாவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே வரும் காற்றை வைத்துத்தான் மானிகள் உயரமும் வேகமும் சொல்லும். காலையில் சோதித்தபோது துளை திறந்துதான் இருந்தது. பொட்டு அதற்குச் சற்று மேலே. மழையில் கரைந்து இறங்கி அடைத்துவிட்டது.

"அண்ணே, அந்தக் குண்டைக் குடுங்க."

"எதுக்கு?"

"உடைக்க."

"பிளேனையா?"

"ஒரு மானிக் கண்ணாடிய மட்டும். எல்லாத்துக்கும் ஒரே குழாய். உள்காத்து அதுல புகுந்தாப் போதும்."

இரண்டாவது அடியில் கண்ணாடி நொறுங்கியது. உயரமானி முள் துள்ளி நானூற்றில் வந்து நின்றது. அந்த எண்ணை நம்பி முந்நூற்றுக்கு இறங்கி, மழைக்குள் குறுக்கும் நெடுக்குமாக உழுதாள். ஆறாவது சுற்றில் இன்னாசி எழப் பார்த்தார். வார் இழுத்து உட்காரவைத்தது.

"கவுந்த படகு. மேல ரெண்டு பேரு. செவப்புச் சட்ட எம்புள்ளதான்."

பின்னால் ஏற்றி வந்த மிதவையைப் போட்டார்கள். வானொலியில் இடம் சொன்னாள். கரையிலிருந்து நாட்டுப்படகுகள் வந்து இருவரையும் தூக்கும்வரை சுற்றினாள். இன்னாசி வாய்விட்டு அழுதார். அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

ஓடுதளத்தில் கூட்டம் கைதட்டியது. மேலாளர் உடைந்த மானியைப் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார். "வானிலைக் கோளாறுன்னு எழுதிரு. உன் பேரு கெடாது."

"வானம் என்ன சார் பண்ணுச்சு?"

குறிப்பேட்டில் எழுதினாள்: 'துளையை அடைத்தது சந்தனம். வைத்தது நான். இனி பொட்டு மூக்கில் மட்டும்.'

பிறகு ஈயக்குண்டை நீட்டினாள். "இந்தாங்கண்ணே, சூசை வலைக்கு."

இன்னாசி குண்டை வாங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மா, கையெல்லாம் ரத்தம்."

உள்ளங்கையில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. பார்த்தாள். அதற்கப்புறம்தான் வலித்தது.