காலி என்று குறிக்கப்பட்ட நாடாக்கள்

துப்பறிவாளர் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார் அந்த மனிதர். மருத்துவமனையின் கணினிப் பிரிவில் காந்த நாடாச் சுருள்களை ஏற்றி இறக்கியே ஒரு பக்கத் தோள் சரிந்துபோனவர். அங்கே எல்லாருக்கும் அவர் ‘நாடா அண்ணன்’.

“நோயாளிங்களோட பழைய குறிப்பு இருந்த நாடாவெல்லாம் காலின்னு காட்டுது. லீவு குடுக்கலைன்னு கோபத்துல நான்தான் அழிச்சேனாம். சாயங்காலம் போலீஸ்ல குடுக்கறேங்கறார் மேலாளர்.”

“லீவு கேட்டீங்களா?” என்றார் துப்பறிவாளர்.

“கேட்டேன். கோபமும் பட்டேன். அழிக்கலை சார்.”

துப்பறிவாளரின் மைத்துனன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். நல்ல வழக்கு ஒன்று சிக்காதா என்று வாடிக்கிடந்தவன். “அத்தான், லீவு குடுக்காத மேலாளர் வேலைதான் இது!”

“முதல்ல இடதுகால் செருப்பை வலதுகால்லேருந்து கழட்டு மச்சான்.”

கணினி அறை எலும்பைக் குடைகிற குளிராக இருந்தது. மேலாளர் நாடா அண்ணனைக் காட்டிப் பொரிந்து தள்ளினார். “வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஒரு நிரலை ஓட்டணும். வெச்சிருக்க வேண்டிய கெடு முடிஞ்ச நாடாவை மட்டும் அது காலின்னு குறிக்கும். இந்த வாரம் ஓட்டினது இவர். இன்னும் வேண்டிய நாடாவும் போயிருக்குன்னா, கெடுவை இவர்தானே மாத்தியிருக்கணும்?”

துப்பறிவாளர் அலமாரிப் பக்கம் போய், நாடாப் பெட்டிகளில் ஒட்டிய கெடுவையும் திரையில் தெரிந்த கெடுவையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார். மைத்துனனுக்கு அந்தப் பொறுமை ஏது? அங்கே மென்பொருளைச் சோதிக்கிற அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தான்.

“அடுத்த வருஷக் கடைசியில, ரெண்டாயிரம் பொறக்கறப்போ, இந்த நிரலெல்லாம் தடுமாறுமான்னு பார்க்கறோம்” என்றார் அவர். “கடிகாரத்தைத் தொட மாட்டோம். சோதிக்கிற நிரலுக்கு மட்டும் பொய்த் தேதியைக் காட்டுவோம். அதுவும் நம்பிடும்.”

“எங்க அத்தான் மாதிரி இல்லை போல.”

அவர் சிரித்துவிட்டார். “ஞாயித்துக்கிழமை முழுக்க ரோதனை. சனிக்கிழமைதான் கடவுச்சொல்லை மாத்தினோம். மறுநாளே பழசாயிடுச்சு, புதுசு போடுங்குது!”

மைத்துனன் இதை வேடிக்கையாகப் போய்ச் சொன்னான். துப்பறிவாளரின் கை பெட்டிமேல் அப்படியே நின்றது. “எல்லாரையும் கூப்பிடு.”

எல்லாரும் கூடினார்கள்.

“கோபத்துல அழிக்கறவன் கைக்கு வந்ததை அழிப்பான். இங்க அடுத்த வருஷத்துக்குள்ள கெடு முடியறது எல்லாம் போயிருக்கு. அதுக்கப்புறம் முடியறது ஒண்ணுகூடப் போகலை. பெட்டியில இருக்கற கெடுவும் திரையில இருக்கறதும் ஒண்ணுதான், யாரும் மாத்தலை. அப்போ தேதிதான் மாறியிருக்கு. அம்மா, ஞாயித்துக்கிழமை பொய்த் தேதியை எது எதுக்குக் குடுத்தீங்க?”

“ஒவ்வொரு நிரல் பேருக்கும்தான் குடுக்கறது. அன்னைக்கு நிறைய இருந்துச்சு. அலுப்புல நாங்க உள்ளே நுழையற பயனர் பேருக்கே மொத்தமாக் குடுத்துட்டேன்...”

“அந்தப் பேர்ல வேற யாரு நுழையறாங்க?”

பிரிவு முழுவதற்கும் ஒரே பயனர் பெயர். தனித்தனியாக வைத்தால் தொல்லை என்று அப்படி வைத்தவர் மேலாளர்தான். அவர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன் ஓட்டின நிரலுக்கும் அடுத்த வருஷக் கடைசின்னு தேதி காட்டியிருக்கு. அதுவும் நம்பிக் குறிச்சிடுச்சு. ஒருநாள் கடவுச்சொல் கிழடானதும் அதனாலதான்.”

“குறிப்பெல்லாம் போச்சே!” என்றார் மேலாளர்.

“காலின்னு குறிச்சதோட சரி. மேல வேற எதையும் எழுதற வரைக்கும் உள்ள இருக்கறது போகாது. உடனே எழுதறதை நிறுத்துங்க.”

சில நாடாக்களின்மேல் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. மற்றவை பிழைத்தன.

“நாளைக்கு வேலைக்கு வந்துடுங்கண்ணே” என்றார் மேலாளர், முகம் பார்க்காமல்.

நாடா அண்ணன் அசையவில்லை. “காலையில வாசல்ல அத்தனை பேர் முன்னாடி என் பையைக் கொட்டிப் பார்த்தீங்க. சாப்பாட்டு டப்பாவைக்கூட விடலை. இப்போ நாலு சுவத்துக்குள்ள சொல்றீங்க.”

மேலாளர் தொண்டையைச் செருமினார்.

“நான் வந்து சொல்றேன்ணே” என்று சோதனைக்கார அம்மா எழுந்தார். கண் கலங்கியிருந்தது. “தப்பு என்னோடது.”

“நீங்க வேணும்னு செய்யலைம்மா. வாங்க. அவரும் வரட்டும்.”

மூவரும் வாசலுக்கு நடந்தார்கள். பணி மாறுகிற நேரம். அங்கே நல்ல கூட்டம்.