வெயில் பழகிய கைகள்

"இவர் திரும்பவும் வேற பொம்பிளயிட்ட போனவரா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க டொக்டர். வீடு என்ட சீதனம். போனவரெண்டா இண்டைக்கே வெளிக்கிடட்டும்."

மட்டக்களப்பில், பாலியல் நோய்களுக்கான சிகிச்சை நிலையத்தில், டொக்டர் கேதீஸ்வரியிடம் அஜந்தா இப்படிக் கேட்டாள். பக்கத்தில் கணவன் திவாகரன் தலை குனிந்திருந்தான். பாசிக்குடா ஹோட்டலொன்றில் வேலை செய்பவன். அங்கே ஒருமுறை ஒரு பெண்ணுடன் தவறி, கிளமிடியா என்ற பாலியல் நோய் தொற்றி, போன மாதம் இங்கே மருந்து வாங்கியவன். இப்போது சிறுநீர் எரிவு திரும்பி வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தான். தவறியது அந்த ஒருமுறைதான், குளிசையெல்லாம் போட்டு முடித்தேன் என்று சாதித்தான். மருந்து வாங்கிய நாளிலிருந்து அவன் தன்னைத் தொடவில்லை என்று அஜந்தா சொன்னாள். அதுவே அவளுக்குப் பெரிய சந்தேகம்.

"அப்ப மனைவியிட்ட இருந்தும் திரும்பத் தொற்றயில்ல. பாசிக்குடாவுக்குப் போய் விசாரிச்சிட்டு வாறன், டொக்டர்" என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஹலீம் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அவருக்கென்றே சொன்னதுபோல.

கேதீஸ்வரி அவரை இருக்கச் சொன்னார். டொக்டருடைய கண் அஜந்தாவின் புறங்கைகளில் இருந்தது. இரண்டும் கருகித் தோல் உரிந்திருந்தன. மூக்குத்தண்டும் அப்படியே. அடுப்பில் சுட்டதா என்று கேட்டார்.

"இல்ல, வெயில். வவுணதீவு வட்டையில வயல் களை பிடுங்கினநான். சின்னதில இருந்து அங்கதான் நிக்கிறன், ஒருநாளும் இப்பிடிச் சுட்டதில்ல."

அந்த நாட்களில் ஏதும் குளிசை போட்டாளா என்று கேட்டார். விட்டமின் என்று கணவன் காலையில் தந்ததை மட்டும் போட்டதாக அவள் சொன்னாள். திவாகரனின் முகம் வெளிறியது.

"வெயில் பழகின தோலையும் சுடவைக்கிற மருந்து சிலது இருக்கு" என்றார் கேதீஸ்வரி. "உங்களுக்கு நாங்க தந்ததும் அதில ஒண்டு, திவாகரன். பாதிய இவவுக்குக் குடுத்தீங்களா?"

அவன் தலையாட்டினான். மனைவிக்கும் சிகிச்சை வேண்டும் என்று அன்றே சொல்லியிருந்தார்கள். கூட்டிவந்தால் உண்மையைச் சொல்லவேண்டும். பயத்தில் தன் மருந்தையே பங்கு போட்டிருந்தான். ஹலீம் ஹெல்மெட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பாதி மருந்து ஒருத்தருக்கும் காணாது, நோய் முழுசாப் போகாது. திரும்பப் போனவரா எண்டு நோயைக் கேட்டுச் சொல்ல ஏலாது, தங்கச்சி. ஆனா இது திரும்பி வர இன்னொரு பொம்பிள தேவையில்ல."

பெண்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இந்த நோய் கருக்குழாயைக் கெடுக்கலாம் என்றும், இருவரும் முழு மருந்தையும் எடுத்தால் குணமாகிவிடும் என்றும், அதுவரை உடலுறவு கூடாது என்றும் விளக்கினார். பரிசோதித்து இருவருக்கும் தனித்தனியாக மருந்து கொடுத்தார். அஜந்தா மருந்தின் பெயரைக் கேட்டு, இரண்டுதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"வீட்ட வாங்க" என்றாள் கணவனிடம். திவாகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழக்கம்போல அவளுடைய மருந்துப் பொதியையும் வாங்கக் கையை நீட்டினான்.

அவள் அதைத் தன் பைக்குள் வைத்து மூடினாள். "என்ட மருந்து என்னட்டயே இருக்கட்டும்."