ஒட்டுப் போட்ட எழுத்துகள்

நேற்று தீட்டியதெல்லாம் காய்ந்துவிட்டிருந்தது. பாம்புகளின் கழுத்து மட்டும் இன்னும் பிசுபிசுத்தது. தங்கை விரலை முகர்ந்து பார்த்தாள். பெயிண்ட் வாடையே இல்லை. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அறையுமே, அந்த வாடை.

அக்காவும் தங்கையும் படப்பிடிப்பு அரங்குகளுக்குச் சுவர் தீட்டுபவர்கள். இந்த முறை ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக எகிப்திய அரசனின் கல்லறை: எதிரெதிரே சாந்து பூசிய இரண்டு பலகைச் சுவர்கள், அவற்றின் மேல் வரிவரியாகச் சித்திர எழுத்துகள். பழைய எகிப்திய மொழி படித்த பேராசிரியர் ஒருவர் புகைப்படங்கள் தந்திருந்தார். அவற்றில் எழுத்தாக நின்ற பாம்புகள் கழுத்தில் துண்டுபட்டிருந்தன. ஆள் உருவங்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. அரைகுறை வேலை என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், முழுசாக வரைந்துவிடுங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். தங்கைதான் எல்லாவற்றையும் சேர்த்து வரைந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கிளம்பிப் போயிருந்தார்கள். வெளியே குழாயடியில் அக்கா தூரிகைகளை அலசும் சத்தமும், தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. மனசு ஒரு நிலையில் நிற்காமல் தங்கை பேராசிரியருக்குப் போன் போட்டாள். பெயிண்ட் காயாததற்குத் தன்னைக் கேட்டால் எப்படி என்று அவர் முதலில் கிண்டலடித்தார். சேர்த்து வரைந்ததைச் சொன்னதும் கிண்டல் நின்றது.

“அது உடைஞ்சு போனதில்லம்மா. வேணும்னேதான் அப்படி எழுதினாங்க. எழுத்துக்கு உயிர் வந்துடும்னு பயம். எழுந்து வந்து பக்கத்துல இருக்கறவங்களை ஏதாவது பண்ணிடக் கூடாதே.”

“இப்ப என்ன சார் செய்யறது?”

“டிவிக்குத்தானே. விடுங்க,” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அவளால் விட முடியவில்லை. கத்தியை எடுத்து, பாம்புகளின் கழுத்தை ஒவ்வொன்றாகச் சுரண்டத் தொடங்கினாள். கத்தி சாந்தில் இறங்குவதுபோல் இல்லை; சதையில் இறங்குவதுபோல் மெத்தென்று இறங்கியது. நிறுத்தவில்லை. கடைசிப் பாம்பு. கடைசிக் கழுத்து.

அப்போதுதான் உறைத்தது. குழாயில் தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. அலசும் சத்தம் இல்லை.

“அக்கா?”

திரும்பினாள்.

எதிர்ச் சுவரில் சிவப்பில் தீட்டிய ஆள் உருவங்கள் இருந்த வரிசை வெறும் சாந்து. சுவரடியிலிருந்து தரையில் சிவப்புக் காலடிகள் கிளம்பியிருந்தன. முதலில் நகத்தளவு. அப்புறம் விரலளவு. கதவை எட்டும்போது வளர்ந்த ஆண்களின் பாதங்கள்.

அவற்றுக்கு நடுவே, கதவிலிருந்து உள்ளே, தண்ணீர்த் தடங்கள். வெறுங்கால். சுண்டுவிரல் மடங்கிய இடது பாதம். அக்காவுடையது.

சுவரை நோக்கிப் போயின. ஒவ்வொரு அடிக்கும் சிறுத்துக்கொண்டே.

சுவரடியில் கடைசித் தடம் ஒரு கடுகளவு இருந்தது. இன்னும் ஈரமாக.