பக்கத்து நிரை

மூன்றாவது படுக்கைப் பை யாருக்கு?

மௌனிகா கேட்கவில்லை. கேட்டால் புருஷன் சுஜின் சொல்லிவிடுவானோ என்றுதான் பயம்.

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் முன்னறையில், ஈரம் உலரட்டும் என்று அவன் கூடாரத்தை விரித்து நிறுத்தியிருந்தான்; அது வாசலை அடைத்துக்கொண்டு, சுவருக்குச் சுவர் முட்டி நின்றது. நனைந்த நைலான் வாடைக்கு அடியில், சாக்கில் கட்டி மறந்துபோன பச்சைக் கொழுந்தின் புழுங்கல் வீச்சம். வெளியே மத்தியானமே மஞ்சுப் பனி இறங்கி, ஜன்னலில் ஈரத்துணிபோல ஒட்டிக்கிடந்தது.

போன வாரம் அவன் தனியாகக் காட்டுமலைக்குப் போய், இருவரும் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு இடம் பார்த்துவிட்டு வந்தான். அதிலிருந்து எல்லாமே மூன்று. மூன்று தட்டு. மூன்று தம்ளர்.

"அத்தான், நாம ரெண்டு பேருதான போறோம்?"

"போகும்போது மூணு," என்றான், கயிற்றைச் சுற்றிக்கொண்டே. "வரும்போதுதான் தெரியல."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

கூடாரத்துக்குள்ளிருந்து களைத்த பெண்குரல் ஒன்று கேட்டது.

"பக்கத்து நெரையில யாரு?"

மஞ்சில் அடுத்த செடிவரிசையில் ஆள் தெரியாதபோது கொழுந்தெடுக்கிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். 'நாந்தான்' என்று பதில் வரவேண்டும். பதில் சொன்னவள், கேட்டவள் வந்து சேரும்வரை நின்ற இடத்தைவிட்டு அசையக்கூடாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்தெடுக்கிறவள் மௌனிகா. நுனிநாக்குவரை வந்துவிட்ட சொல்லைப் பல்லால் கடித்து நிறுத்தினாள்.

"மலையில கேட்டுச்சு," என்றான் சுஜின். "அம்மா கூட கொழுந்துக்குப் போய்ப் பழகுன வாயி. தன்னால சொல்லிருச்சு. சொன்னவன் நிக்கணும்லா? நின்னேன். வந்து சேந்துச்சு, கூடையோட."

ஒரு வாரமாகக் கழற்றாத குரங்குத் தொப்பியை இப்போது கழற்றினான். நெற்றியில், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிற்றின் தடம், எலும்புவரை. அவன் ஜீப் ஓட்டுகிறவன். கூடை சுமந்ததே இல்லை.

"நீயும் ஒரு வாட்டி சொல்லிருட்டி. ரெண்டு பேரா சொமந்தா கனம் தெரியாது."

வாசல் கூடாரத்துக்கு அப்பால். அவள் சுவரோடு நகர்ந்தாள். துணி புடைத்தது. அவளோடு நகர்ந்தது.

"பக்கத்து நெரையில யாரு?"

மிக அருகில்.

ஜிப் உள்ளிருந்து இறங்கியது. கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஐந்துக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

"சொல்லுட்டி." அவன் அழுதான்.

மௌனிகா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, மெல்ல, மாட்டேன் என்று தலையசைத்தாள்.