ஒரே எழுத்துக் கட்டளை

"சுண்டு! ஓடி வா!"

சித்தியின் குரலைக் கேட்டதும் சுண்டு பள்ளிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டுக் கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடத்துக்குள் ஓடினாள்.

உள்ளே அனல் அடித்தது. தானாக ஓட வேண்டிய விசிறிகள் எல்லாம் நின்றிருந்தன. முதல் நாள் வெந்நீர் கொட்டியதில் சித்தியின் இரண்டு கைகளிலும் பெரிய கட்டு.

"கம்ப்யூட்டர்ல நீதான் அடிக்கணும், கண்ணு."

"நானா? தப்பாயிட்டா?"

"முட்டைக்குள்ள குஞ்சுங்க இருக்கு. ரொம்ப நேரம் தாங்காது."

முட்டைகளை அடைகாக்க மொத்தம் பத்துப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் விசிறிக்கும் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடிக்க வேண்டும். கட்டளையோ ரயில் வண்டி நீளம். முன்பு அடித்ததைத் திரும்ப வரவழைக்கவும் அந்தப் பழைய கணினிக்குத் தெரியாது.

சுண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

'பிழை' என்றது திரை.

ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் பிழை. மூன்றாவது முறைதான் முதல் விசிறி சுழன்றது. அதற்குள் மற்ற பெட்டிகளில் சூடு மளமளவென்று ஏறிவிட்டது.

இப்படியே போனால் கடைசிப் பெட்டி என்ன ஆகும்?

நீளமான கட்டளைக்குச் சின்னப் பெயர் வைத்தால், பிறகு அதை மட்டும் அடித்தாலே போதும் என்று வகுப்பில் படித்திருந்தாள். ஆனால் பெயர் வைத்து முடிக்கும் வரை ஒரு விசிறிகூட ஓடாதே! அதுவும் தப்பாகிவிட்டால்?

அவள் கை நின்றது.

"ஏன்டி நிறுத்திட்ட?"

"இருங்க சித்தி, பேர் வைக்கிறேன்!"

"குஞ்சு இன்னும் வெளியவே வரல, அதுக்குள்ள பேரா?"

சுண்டு பெயரையும் நீளக் கட்டளையையும் சேர்த்து அடித்தாள். உதடு முணுமுணுக்க ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசி விசையைத் தட்டினாள்.

திரை 'பிழை' என்று சொல்லவில்லை.

'ஊ 2' என்று அடித்தாள். இரண்டாம் விசிறி விர்ரென்று சுழன்றது. ஊ 3. ஊ 4. கைதட்டுகிற வேகத்தில் பத்தும் ஓடின.

சூடு ஏறுவது நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதென்னடி 'ஊ'?"

"சூடா இருந்தா ஊதித்தானே ஆத்துவோம்?"

சித்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

சுண்டு பெட்டிகளின் கண்ணாடியை விட்டு நகரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு முட்டை விரிசல் விட்டது. ஈரத் தலையை நீட்டிய குஞ்சு, அவளைப் பார்த்துப் பெரிதாகக் கொட்டாவி விட்டது.