பிடரியில் ஒரு திருகு

பவானி அண்ணி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மிருதுளா அவள் பீரோவைக் குடைந்தாள். அம்மாவின் அட்டிகை இங்கேதான் இருக்க வேண்டும். அம்மா போய் ஐந்து மாதம். மகளுக்குச் சேர வேண்டிய நகையைக் காணோம், வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அண்ணனிடமும் கேட்டாயிற்று. "அம்மாகிட்ட ஏதுடி அட்டிகை? இருந்தது ஒரே ஒரு சங்கிலி. அதைத்தான் அன்னைக்கே உன் கையில குடுத்தாச்சே!"

பெண்டாட்டியைக் காப்பாற்றுகிறான். அட்டிகையின் கனம் மிருதுளாவின் கழுத்துக்குத் தெரியாதா? முதலில் சில்லென்றிருக்கும், பிறகு உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். பிடரியில் திருகு 'கிறீச்' என்று இறுகும். சந்தன வாசனை. "ஆடாம நில்லுடி கண்ணு" என்று அம்மாவின் மூச்சுக்காற்று காதில் படும். இதெல்லாம் பொய்யா?

பீரோவில் ஒன்றுமில்லை. கள்ளி, லாக்கரில் வைத்திருப்பாள்!

அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட, பீரோவை அப்படியே விட்டுத் தன் அறைக்கு வந்து, காதுக்குப் பின்னால் பொட்டளவு உணர்வு வில்லையை ஒட்டிக்கொண்டாள். நகைமாளிகை ஒன்றுக்கு விளம்பர உணர்மடல் எழுதுவது அவள் தொழில். மின்னஞ்சலைத் திறந்தால் போதும், வில்லை நரம்பைத் தொட்டு நகையின் கனத்தையும் வாசனையையும் உடம்பில் ஏற்றிவிடும். கதை மட்டும் அவளுடையது. அனுப்புமுன் ஒவ்வொரு மடலையும் பத்து இருபது தடவையாவது தானே போட்டுப் பார்ப்பாள்.

நாலு லட்சம் பேர் திரும்பத் திரும்பத் திறந்த பழைய மடல் ஒன்றை மறுபடி அனுப்பச் சொல்லியிருந்தார் மேலாளர். திறந்தாள். கழுத்து சில்லென்றது. திருகு கிறீச்சிட்டது. சந்தனம். "ஆடாம நில்லுடி கண்ணு."

மிருதுளா கடைசி வரிவரை இறங்கிப் பார்த்தாள். மடலின் அடியில் அவள் பெயர்தான் இருந்தது. அம்மா கழுத்தில் அவள் அட்டிகையைப் பார்த்ததே இல்லை. தான் எழுதிய கதையைப் போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் தானே நம்பிவிட்டிருக்கிறாள். அண்ணியை மனத்துக்குள் என்னவெல்லாம் திட்டினோம் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்க ஓடினாள். கோயிலிலிருந்து திரும்பிய அண்ணி, கலைந்து கிடந்த பீரோவின் முன் நின்றிருந்தாள். அவள் காதுக்குப் பின்னாலும் ஒரு வில்லை.

"அண்ணி, தப்பெல்லாம் என் மேலதான்..."

"தெரியும்," என்றாள் பவானி, வெறும் கழுத்தைத் தடவியபடி. "எங்கம்மா அட்டிகைய நீதான் எடுத்திருக்கேன்னு எனக்கு எப்பவோ சந்தேகம்."